இலைசானே பார்க்காத நான்கு நிமிடங்கள்

தொங்காவின் தலைநகரான நுகுவலோஃபாவில், துறைமுகச் சாலைத் திரையரங்கிற்குப் படம் பார்க்கச் செல்பவர், தம் உடன்பிறந்தவர்களைப் பற்றிய விசாரணைக்கு ஆயத்தமாகவே செல்ல வேண்டும். டிக்கெட் அறையில் இருபத்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் இலைசானே, எத்தனை டிக்கெட் என்று கேட்பதற்கு முன்பு, யாருடைய மகன், யாருக்குத் தம்பி என்பதையே கேட்பாள். பெரும்பாலும் கேட்கவும் மாட்டாள், அவளுக்கே தெரியும்.

"ரெண்டு டிக்கெட் குடுங்கக்கா."

"எந்த ஆட்டத்துக்கு?"

"நாலு மணி ஆட்டம்."

"நாலு மணிக்கு உன் தங்கச்சி உள்ள இருக்கா. மூணாவது வரிசை. நீ ஏழு மணிக்கு வா."

"ஏழு மணிக்கு காவா குடிக்கக் கூப்பிட்டிருக்காங்களே."

"அப்ப நாளைக்கு வா. படம் எங்கயும் ஓடிப்போயிடாது."

"சண்டைப் படம்தானேக்கா? அதுல என்ன வந்துடப் போவுது?"

"சண்டை முடிஞ்சதும் அவனும் அவளும் கடற்கரையில நிப்பாங்க. அப்ப உன் தங்கச்சி மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வச்சுக்குவா? கையில வச்சிருக்கிற பாப்கார்ன் பொட்டலத்துலயா?"

வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு மறுநாளைக்கு டிக்கெட் வாங்கிச் செல்வான். அண்ணனும் தங்கையும், அக்காவும் தம்பியும் ஓர் இருட்டறையில் அமர்ந்து காதல் காட்சியைப் பார்ப்பது எங்கள் ஊரில் நடவாத காரியம். வீட்டில் தொலைக்காட்சியில் அப்படி ஏதேனும் வந்துவிட்டால், இருவரில் ஒருவருக்கு உடனே பன்றிக்குத் தீனி வைக்கும் வேலை நினைவுக்கு வந்துவிடும். பெரியப்பா, சித்தப்பா மக்கள் மட்டுமல்லர், மாமன் மக்களும் அத்தை மக்களும்கூட இங்கே உடன்பிறந்தவர்களே. ஆகவே முந்நூறு பேர் அமரும் அரங்கில் யாரை எந்த ஆட்டத்திற்கு அனுப்புவது என்பது எளிய கணக்கன்று. இலைசானே இல்லாத வாரங்களில் அந்த அரங்கில் பாதிப் படத்தில் எழுந்து ஓடியவர்கள் உண்டு.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வௌவால்கள் தொங்கும் சவுக்கு மரங்களுக்குப் பேர்போன கொலோவாயில் பிறந்தவள். தீவுகளுக்கிடையே செல்லும் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரை மணந்து தலைநகருக்கு வந்தாள். கணவர் வாரத்தில் நான்கு நாள் கடலில் இருப்பார். மற்ற மூன்று நாளும் உறங்குவார். இருவருக்கும் அதில் குறையில்லை. மூக்குக்கண்ணாடியை மீன்பிடி நரம்பில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று தணிந்த குரலில் பாடுவாள். யாரேனும் சுருதி தவறினால் திரும்பிப் பார்க்க மாட்டாள். கண்ணாடியை மட்டும் கழற்றித் துடைப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி பெனிசிமானி. ஊரார் பெனி என்பர். பத்தொன்பதாவது வயதில் ரக்பி ஆட ஆக்லாந்துக்குப் போனான். இரண்டாம் ஆண்டில் முழங்கால் போயிற்று. பிறகு ஓர் இரவு விடுதியின் வாசலில் காவல் நின்றான். அங்கே வந்த திரைப்படக்காரர் ஒருவர், அவனுடைய தோள்களை அளந்து பார்த்துவிட்டு வேலை கொடுத்தார். அன்றுமுதல் இருபது ஆண்டுகளாகப் பெனி திரையில் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து விழுந்து செத்தான். ஹெலிகாப்டரில் மோதிச் செத்தான். ஒருமுறை கரடித் தோலுக்குள் இருந்தபடி செத்தான். ஹவாய்க்காரன், சமோவாக்காரன், மெக்சிகோக்காரன் என்று எந்த நாட்டுக்காரனாக வேண்டுமானாலும் அவனை ஆக்கினார்கள். தொங்காக்காரனாக மட்டும் ஆக்கவில்லை. பதினோரு படங்களில் அவனுக்குப் பெயரே கிடையாது. அந்தப் பதினோரு படங்களையும் இலைசானே பார்த்திருக்கிறாள். வெளிநாட்டில், அவன் சாகும் இடங்களில் எல்லோரும் கைதட்டுவார்களாம். எங்கள் அரங்கில் சற்று நேரம் ஓசை அடங்கும். பிறகு யாராவது ஒருவர், "அடப் பாவமே, நம்ம பெனி" என்பார்.

அப்படியிருக்கையில்தான் ஃபெலெட்டி தன் படத்தை எடுத்தான். இலைசானேவின் ஒன்றுவிட்ட சகோதரர் மகன் அவன், நாற்பது வயது, ஆக்லாந்தில் வளர்ந்தவன். பணம் போட்டவர்கள், பெயர்பெற்ற ஒல்லியான நடிகர் ஒருவரைக் கதாநாயகனாக்கினால் பல நாடுகளில் ஓடும் என்றார்களாம். ஃபெலெட்டி அவர்களிடம் பெனியின் புகைப்படத்தைக் காட்டி, இந்த உடம்புதான் வேண்டும், இந்த முகந்தான் வேண்டும், இல்லையென்றால் படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இரண்டு ஆண்டுகள் இழுத்தடித்த பிறகு அவர்கள் இசைந்தார்கள்.

கதை எங்கள் துறைமுகத்திலேயே நடக்கிறது. மூட்டை இறக்கும் ஒருவன், பெரியப்பாவின் சாவுக்காக, எங்கள் வழக்கப்படி, கிழிந்த பாயை மார்பு வரை சுற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறான். துக்கம் முடியும் பத்தாம் நாள்வரை அந்தப் பாயை அவன் கழற்றக் கூடாது. அந்தப் பத்து நாள்களுக்குள் கடத்தல்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். குனியவும் முடியாமல், ஓடவும் முடியாமல், பாயோடு அவன் அத்தனை பேரையும் அடித்து விரட்டுகிறான். அவனுக்கு வண்டி ஓட்டுபவளாக, எங்கள் ஊர் முடிதிருத்தகத்து மஃபி நடித்திருக்கிறாள். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்களை இங்கே லெயிட்டி என்பர், மஃபி அப்படிப்பட்டவள். அவளுடைய நடையைக் கேலி செய்யும் வரி ஒன்றுகூடப் படத்தில் இல்லை. அவள் வண்டி ஓட்டும் விதத்தைக் கேலி செய்யும் வரிகள் ஏராளம். அவை நியாயமானவை.

படத்தின் முதல் காட்சியை ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் அரங்கில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எங்கள் ஊரில் எதுவும் நடவாது. திங்கட்கிழமை படக்குழு விமானம் ஏறிவிடும். ஆகவே ஒரே ஒரு காட்சி, ஊருக்கே அழைப்பு. முன்வரிசையின் நடுநாற்காலி இலைசானேவுக்கு என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பி எவ்வளவு பெரியவனானாலும் அக்காவின் இடம் அவனுக்கு மேலேதான். அவள் அமராமல் அவனுக்கு எந்தச் சிறப்பும் தொடங்காது.

அந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை, பெனியின் மனைவி லோசலீன், சேப்பங்கிழங்கு இலையில் இறைச்சி வைத்துச் சுட்ட லூவை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டிக்கெட் அறைக்கு வந்தாள்.

"அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும். கோவப்படக் கூடாது."

"கோவப்படற விஷயம்னா சாப்பிட்டு முடிச்சுட்டுக் கேக்கறேன்."

"படத்துல ஒரு முத்தம் வருது."

இலைசானே வாயருகே கொண்டுசென்ற கையைக் கிண்ணத்திலேயே வைத்தாள்.

"யாருக்கு?"

"வேற யாருக்கு? உங்க தம்பிக்குத்தான்."

"குடுக்கறது?"

"ஃபிஜியிலேர்ந்து வந்த இந்தியப் பொண்ணு. நர்ஸு வேஷம். இவரு அடிபட்டுப் போவாரு, அந்தப் பொண்ணு கட்டுப் போடும். முன்னால பேச்சு, பின்னால பேச்சு, எல்லாஞ் சேத்து நாலு நிமிஷம்."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"சம்பளம் வாங்கிட்டுக் குடுத்த முத்தத்துக்கு நான் என்னத்தச் சொல்ல? வீட்டுக்கு வந்ததும் ஒரு கூடை மீனக் கழுவச் சொன்னேன். கழுவினாரு."

இலைசானே சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. போனால், தம்பியும் ஊரும் இருக்கும் அரங்கில் அவள் அதைப் பார்க்க நேரும். போகாவிட்டால், முன்வரிசையின் நடுநாற்காலி காலியாக இருக்கும். அக்கா தம்பியைக் கைவிட்டாள் என்று அந்த நாற்காலி ஊருக்குச் சொல்லும்.

"அவன் என்ன சொல்றான்?"

"உங்ககிட்ட இதப் பத்தி அவரு வாயத் திறப்பாரா? என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அக்கா வரலேன்னா நானும் உள்ள போவமாட்டேன்னு."

வியாழக்கிழமை ஃபெலெட்டியே வந்தான். டிக்கெட் அறையின் வாசலில் சோடா பாட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அமர்ந்தான். தன் காலணியின் நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

"அத்தை, அந்தக் காட்சிய எடுத்துடறேன். சனிக்கிழமைக்கு மட்டும். ஆக்லாந்துல அப்படியே இருக்கட்டும். ராத்திரியோட ராத்திரியா வெட்டி ஒட்டிடலாம்."

"வெட்டிட்டா கதை புரியுமா?"

"புரியும். நர்ஸு கட்டுப் போடுவா, இவன் எழுந்து சண்டைக்குப் போவான்."

"அப்ப வழக்கம்போல."

"என்ன வழக்கம்போல?"

இலைசானே கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "நம்மூரு ஆளுங்கள எத்தன படத்துல பாத்திருக்கேன். வாசல்ல நிப்பான். கதவத் தொறந்து விடுவான். மூட்ட தூக்குவான். அடி வாங்குவான். அதுல யாராவது ஒருத்தனை ஒருத்தி ஆசையா ஏறெடுத்துப் பாத்திருக்காளா? எல்லா ஊருக்காரனுக்கும் அது நடக்குது. நம்மாளுக்கு நடக்கல. இப்பத்தான் முதமுதலா ஒருத்தி கையப் பிடிக்கறா. அத நீ வெட்டுவியா?"

"நீங்க பாக்க முடியாதே அத்தை."

"நான் பாக்கறதுக்கா எடுத்தே? மத்தவங்க பாக்கட்டும். நான் எந்திரிச்சு வெளிய போய் நிக்கறேன். முடிஞ்சதும் வந்து உக்காந்துக்கறேன். நாற்காலியும் காலியா இருக்காது, என் கண்ணும் கெட்டுப்போவாது."

ஃபெலெட்டி தலையசைத்தான். அத்தையின் சொல்லுக்கு அவன் மறுசொல் சொல்ல முடியாது என்பது ஒருபுறம்; அவன் முகத்தில் தெரிந்தது வெறும் கீழ்ப்படிதல் மட்டுமன்று.

"எந்திரிக்கப் போறது நீங்க ஒருத்தர்தானே?"

"நான் ஒருத்திதான்."

அவன் எழுந்த பிறகு, அவள் மீண்டும் அழைத்தாள்.

"ஃபெலெட்டி, அந்த எடத்துல ஜனங்க சிரிப்பாங்களா?"

இலைசானே கேட்டதன் பொருள் அவனுக்குத் தெரிந்தது. பெருத்த உடம்புக்காரன் விழுந்தால் சிரிக்கிறார்கள், ஓடினால் சிரிக்கிறார்கள், அவன் ஒருத்தியை விரும்பினாலும் சிரிப்பதற்கே பழகியிருக்கிறார்கள்.

"படம் பூரா சிரிக்க வச்சிருக்கேன், அத்தை. அந்த எடத்துல மட்டும் எதையும் வைக்கல. அதையும் மீறி சிரிச்சாங்கன்னா, நான் சரியா எடுக்கலன்னு அர்த்தம்."

"பாப்போம்" என்றாள் இலைசானே. அவள் பார்க்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை அரங்கு நிறைந்து வழிந்தது. டிக்கெட் இல்லாத காட்சியாகையால் டிக்கெட் அறை பூட்டியிருந்தது. யார் எங்கே அமர்கிறார் என்று பார்க்க ஆளில்லை; அவரவர் விரும்பிய இடத்தில் அமர்ந்தார்கள். இலைசானே இடுப்பில் புதிய பின்னல் கச்சையும், காதோரம் ஒரு பூவுமாக நடுநாற்காலியில் அமர்ந்தாள். இரண்டாம் வரிசையில் பணம் போட்ட ஆக்லாந்துக்காரர்கள் மூவர். பெனி கோட்டும், விசேஷ நாள்களில் கட்டும் இடுப்புப் பாயுமாக வந்து, எல்லோருக்கும் பின்னால், பக்கவாட்டுக் கதவருகே நின்றுகொண்டான்.

பாயோடு பெனி முதல் கடத்தல்காரனை மடக்கியபோது அரங்கு அதிர்ந்தது. பாய் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ள, கதவையே பெயர்த்து முதுகில் சுமந்துகொண்டு அவன் ஓடியபோது, கிழவர் ஒருவர் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் அமர்ந்துவிட்டார். மஃபி வண்டியோடு மீன் சந்தைக்குள் புகுந்தபோது, அந்தச் சந்தைக்காரிகளே எழுந்து நின்று கத்தினார்கள். இலைசானே கண்ணீர் வழியச் சிரித்தாள். அவள் தம்பிக்குப் படத்தில் பெயர் இருந்தது. அதை எல்லோரும் சரியாக உச்சரித்தார்கள்.

பிறகு பெனி அடிபட்டான். மருத்துவமனையின் வெள்ளைத் திரை விலகியது. ஃபிஜிப் பெண் பஞ்சோடு வந்தாள்.

இலைசானே ஓசைப்படாமல் எழுந்து, குனிந்து, ஓரமாக நடந்தாள். நான்கு அடி வைத்திருப்பாள்; பின்னால் நாற்காலிகள் கிறீச்சிடும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தாள். நான்காம் வரிசையில் அவளுடைய சித்தப்பா மகள்கள் ஐவரும் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஹாபாய்த் தீவுகளிலிருந்து வந்திருந்த மாமன் மகள்கள். அவர்களுக்கும் பின்னால், தாய்வழிப் பாட்டியின் தங்கை வழிப் பேத்திகள், ஒரு வரிசை முழுவதும். இருபத்தாறு ஆண்டுகளாக ஊரில் ஒவ்வொருவருக்கும் உடன்பிறந்தவரை எண்ணிப் பிரித்து அனுப்பியவள், தன் தம்பிக்குத் தன்னையன்றி வேறு சகோதரிகளும் உண்டு என்பதை மட்டும் எண்ண மறந்துபோயிருந்தாள்.

அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் வரிசையாகப் பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தார்கள். ஆக்லாந்துக்காரர்கள் மூவரும் ஒருசேரத் திரும்பி ஃபெலெட்டியைப் பார்த்தார்கள். அவன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கதவுக்கு வெளியே கடலைப் பார்த்த நீண்ட வராந்தா. படம் முடிந்ததும் கொடுப்பதற்காக, தர்பூசணியும் தேங்காய்ப்பாலும் கலந்த ஓட்டாய் பெரிய தொட்டிகளில் அங்கே இருந்தது. முதலில் வெளியே வந்த இலைசானே அப்படியே நின்றுவிட்டாள். வராந்தாவின் கோடியில், கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி பெனி நின்றுகொண்டிருந்தான்.

அவன் செய்ததும் அதுவே. அக்கா எழுந்து வெளியேற எண்ணியிருப்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, சொல்லக்கூடிய செய்தியுமன்று. அந்தக் காட்சி வரும்போது அக்காவும் தங்கைகளும் அமர்ந்திருக்கும் அரங்கில் தானும் நிற்பதா என்று கூசி, ஒரு நிமிடம் முன்னதாகவே நழுவி வந்திருந்தான். இப்போது அவனுக்குப் போக்கிடமில்லை. முன்னால் கடல், பின்னால் கதவு, நடுவே அத்தனை சகோதரிகள்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

"வவாவூ தீவுக் கப்பல் இன்னிக்குச் சீக்கிரமே வந்துடுச்சு போல."

"மாங்கா இந்த வருஷம் புளிப்பு."

"மழை வராது."

"வராது, வராது."

கடைசியாகக் கதவைத் திறந்துகொண்டு மஃபி வந்தாள். "நானும் அவருக்குத் தங்கச்சிதான்" என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு தொட்டியருகே போனாள். "என்னடி இது, கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இங்க வந்து நிக்கறீங்க? உள்ள அந்த ஆக்லாந்துக்காரங்க அழுதுடுவாங்க. படம் புடிக்கலன்னு எந்திரிச்சுட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க."

"போய் சொல்லேன்" என்றாள் ஒருத்தி.

"ஃபெலெட்டி சொல்லிட்டிருக்கான். அவங்களுக்குப் புரியறதுக்குள்ள நாலு நிமிஷம் முடிஞ்சுடும். யாருக்கு ஓட்டாய்?"

கதவு முழுவதும் மூடாமல் இருந்தது. அந்த இடுக்கு வழியே அரங்கின் ஓசை வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு பெரிய சிரிப்பு. திரையில், முத்தத்துக்கு முன், யாரோ எதையோ கீழே போட்டிருக்க வேண்டும். பெனியின் தோள்கள் ஏறி இறங்கின. பிறகு இன்னொரு சிரிப்பு, சிறியது. பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமின்மை நீண்டது. மாங்காயைப் பற்றிப் பேசியவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். சிரிப்புப் படத்தில் நடித்தவனுக்கு அரங்கின் மௌனத்தைவிட அச்சந்தருவது வேறொன்றுமில்லை. நன்றாயிருக்கிறதா, கெட்டுவிட்டதா என்று அவன் யாரிடம் கேட்பான்? கேட்கத் தகுந்தவள் பதினைந்து அடி தொலைவில் நிற்கிறாள். அவளிடம் அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

இலைசானே கதவுப் பக்கம் தலையைச் சாய்த்தாள். திரையைப் பார்த்த நாள்களைவிடச் சுவருக்கு இப்பால் அமர்ந்து செவியால் படம் பார்த்த நாள்களே அவள் வாழ்வில் அதிகம். மக்கள் சலித்துப்போனால் நாற்காலிகள் கிறீச்சிடும், பொட்டலங்கள் சரசரக்கும், இருமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும். இப்போது நாற்காலி ஒன்றும் அசையவில்லை. பொட்டலம் பிரிக்கும் ஓசை இல்லை. முந்நூறு பேர் இருந்த இடத்தில், மீதியிருந்த இருநூற்று நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்கவில்லை.

அவள் கடலைப் பார்த்தபடியே, வழக்கமான குரலில் சொன்னாள்.

"பெனி, அந்தக் கதவச் சாத்திடு. காத்து உள்ள அடிக்குது. உள்ள எல்லாரும் அசையாம பாத்துட்டிருக்காங்க. நாம தொந்தரவு பண்ண வேணாம்."

பெனி பெண்களுக்குப் பின்னால், சுவரை ஒட்டி நடந்து வந்தான். அக்காவைக் கடக்கும்போது தலை தாழ்த்தினான். கதவின் கைப்பிடியைப் பற்றி, ஓசை எழாதபடி சிறிது சிறிதாகச் சாத்தினான். அதன்பின் உள்ளே நடந்தது வராந்தாவில் எவருக்கும் கேட்கவில்லை.

"சரிக்கா" என்றான்.

"மஃபி, அவனுக்கும் ஒரு டம்ளர் குடு. வேர்த்துப் போயிருக்கான்."

"கோட்டு போட்டா வேர்க்காதா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பாய் மட்டும் போதும்னு" என்றாள் மஃபி, தளும்பத் தளும்ப ஊற்றியபடி.

பெனி இரண்டு மடக்கில் குடித்து முடித்தான். இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டான். இலைசானே தன் டம்ளரில் கிடந்த தர்பூசணித் துண்டுகளைச் சுண்டுவிரலால் எடுத்து ஒவ்வொன்றாகத் தின்றாள். வவாவூ கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் தன் கணவர் இருக்கிறாரா என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள்.

கதவு திறந்தது. லோசலீன் தலையை நீட்டினாள். அவளுடைய கண்ணோரம் ஈரமாக இருந்தது. அதை அவள் மறைக்கவுமில்லை.

"நாத்தனாருங்க எல்லாரும் உள்ள வாங்க. கடத்தல்காரன் வந்துட்டான்."

"யாரு, அந்த மீசக்காரனா?" என்று கேட்டுக்கொண்டே பெண்கள் டம்ளர்களை வைத்தார்கள். யார் முதலில் போவது என்று யாரும் தயங்கவில்லை. இலைசானேவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் பூவைக் காதோரம் சரியாகச் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள். பெனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சித்தப்பா மகள்களும், மாமன் மகள்களும், பேத்திகளும், மஃபியும் உள்ளே சென்று முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றான்.